நிழல் காட்டும் திசை

வழி தவறியவன் உச்சிப்பொழுதில் தன் நிழலைப் பார்த்தால் போதும், அது விழும் பக்கமே வடக்கு என்று மேல்நாட்டார் வழிநடைக் குறிப்புகள் கூறும். இலண்டனில் அது பிழையன்று. அருப்புக்கோட்டையிலோ ஆண்டில் நாலரை மாதம் அது நம்மை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிடும்.

இப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.5 பாகையில் உள்ளது. கதிரவனோ வடக்கே 23.5 பாகை வரை செல்கிறான். போகும்போது சித்திரை முதல் நாளை ஒட்டியும், திரும்பும்போது ஆவணி 12ஆம் நாளை ஒட்டியும் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறான். அவ்விரு நாட்களில் நட்ட கோலுக்கு உச்சியில் நிழலே இல்லை. இடைப்பட்ட காலத்தில் நிழல் தெற்கே சாயும். ஆனி முற்பகுதியில் 4 அடிக் கோலின் உச்சி நிழல் தெற்கே 1 அடி. மார்கழியில் வடக்கே இரண்டரை அடிக்கும் சற்று மேல். உச்சி என்பதும் கடிகாரத்தின் 12 மணி அன்று. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. அருப்புக்கோட்டை அதற்கு மேற்கே இருப்பதால் சித்திரை முதல் நாளில் உச்சி 12.18 அளவில்தான் வரும்.

கதிரவன் உதிக்கும் இடமே கிழக்கு என்பதையும் முழுமையாக நம்புவதற்கில்லை. ஆனியில் உதயம் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே விலகியிருக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கேயுள்ள திருச்சுழிக்கு அந்த உதயப்புள்ளியைக் குறிவைத்துப் பத்துக் கல் நடப்பவன் நாலு கல் வடக்கே ஒதுங்கிப்போவான்.

இதனை ஏட்டுக் கணக்கென்று தள்ளிவிட வேண்டா. வறண்ட கண்மாய்களுக்குள் சீமைக்கருவேல் அடர்ந்துகிடக்கும் இடங்களில் நான் நடந்திருக்கிறேன். பத்தடிக்கு அப்பால் பனையும் தெரியாது, கோபுரமும் தெரியாது. வைகாசி வெயிலில், கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்தபின், ஊரை முதுகுக்குப் பின்னால் விட்டு ஒரு மணி நேரம் நடப்பது உயிருக்கே ஊறு.

ஆயின் செய்யத்தக்கது என்ன? நிழல் விழும் பக்கத்தை விடுத்து, அது நகரும் பக்கத்தைப் பாருங்கள். சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். கால்மணி நேரம் கழித்து நுனி நிற்கும் இடத்தில் மற்றொரு கல். முதற்கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதற்கல்லை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் கொண்டு நின்றால் முகம் வடக்கு நோக்கும். உச்சியை நெருங்க நெருங்க இம்முறை துல்லியமாகும். காலை மாலைகளில் சற்றே பிசகும்.

பிசகே கூடாதெனில் குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் இடவேண்டும். முற்பகலில் நிழல்நுனி வட்டத்தினுள் புகும் இடத்தையும், பிற்பகலில் அதை விட்டு வெளியேறும் இடத்தையும் இணைக்கும் கோடு எந்த மாதத்திலும் கிழக்கு மேற்காகவே அமையும். சிற்பநூலார் இக்கோலைச் சங்கு என்பர். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையிலும், பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுக்கும்போது கோல்நிழல் கொண்டு திசை தேர்ந்து நூல் பிடித்த செய்தி வருகிறது. ஆனால் வழி தவறியவனுக்கு அத்தனை பொழுது ஏது? அவனுக்கு இரண்டு கற்களே போதும்.

நிழலில்லாத அந்த இரு நாட்களிலும் உச்சி கழிந்து கால்மணி பொறுத்தால், குச்சியின் அடியிலிருந்து சிறு நிழல் எட்டிப்பார்க்கும். அது நேர்கிழக்கு.