கல்யாணம் பண்ணிக்கொள்ள டெல்லியில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது! தெரியுமா?

இந்திய வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால், அரசாங்கத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது, தெரியுமா? 1961ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 8(2)! ஆண் அதிகாரிக்கு? இந்த விதி கிடையவே கிடையாது!

அனுமதி கிடைத்தால் மட்டும் நிம்மதியா? குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் போதும், ராஜினாமா செய்யச் சொல்லலாம்! இன்னொரு விதி 18(4). மணமான பெண் இந்தப் பணியை உரிமையாகக் கேட்கவே முடியாது! ஆணும் பெண்ணும் சமம் என்ற அரசியல் சாசனம் அமலுக்கு வந்து 11 வருஷம் கழித்து எழுதிய விதிகள் இவை. வயிறு எரிகிறதா இல்லையா?

இதைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் யார் தெரியுமா? சி.பி. முத்தம்மா! பிறந்தது குடகு, விராஜ்பேட்டை. படித்தது நம்ம சென்னையில்! மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1948இல் சிவில் சர்வீஸ் தேர்வில் தேறிய முதல் பெண். நேர்முகத் தேர்வில் "வெளியுறவுப் பணி வேண்டாம்மா" என்கிற ரீதியில் மனசைக் கலைக்கப் பார்த்தார்கள். அசைந்தாரா? ஊஹூம்! கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் 1949இல் உள்ளே போனார். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1970இல் ஹங்கேரிக்குத் தூதர்! பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்பேர்ப்பட்டவருக்கு அடுத்த பதவி உயர்வு மறுக்கப்பட்டது. காரணம்? தகுதி போதாதாம்!

நேராக உச்ச நீதிமன்றம் போனார். அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம்! விசாரணை வருவதற்குள் அவசர அவசரமாகப் பதவி உயர்வு வந்துவிட்டது! 18(4)ஐ 1973லேயே நீக்கிவிட்டோம், 8(2)உம் போகப்போகிறது என்றது அரசு. 1979 செப்டம்பர் 17 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். தோல்வியா? இல்லவே இல்லை! மணமான ஆணுக்கு உள்ள உரிமை மணமான பெண்ணுக்கு ஏன் இல்லை என்று விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். பாகுபாடு காட்டும் பணி விதிகளையெல்லாம், இன்னொரு வழக்கு வரும்வரை காத்திருக்காமல் நீங்களே சரிசெய்யுங்கள் என்று அரசுக்குச் சொன்னார்!

வெளிநாடுகள் மட்டும் ஒழுங்கா? பிரிட்டனில் 1973 வரை, கல்யாணம் ஆனால் பெண் தூதரக அதிகாரி வேலையை விட வேண்டும்! அமெரிக்காவிலும் 1970களின் தொடக்கம் வரை இதே கதைதான்!

சரி, நம்ம நாட்டு வெளியுறவுச் செயலர் நாற்காலியில் முதல் பெண் எப்போது உட்கார்ந்தார் தெரியுமா? 2001இல்! சோகிலா ஐயர். சுதந்திரம் வந்து 54 வருஷம் ஆகிவிட்டது! பிறகு 2009இல் நிருபமா ராவ், 2013இல் சுஜாதா சிங். ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக நியூயார்க்கில் ஒரு பெண் அமர 2022 வரை, ருசிரா கம்போஜ் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது!

தடையை உடைத்த கதை இன்னொன்று கேளுங்கள்! முழுக்கப் பார்வை இல்லாத ஒருவர் முதல்முறையாக இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தது 2015இல். யார்? சென்னைப் பொண்ணு பெனோ செபின்! ஸ்டேட் பேங்க் அதிகாரியாக இருந்தவர். அம்மா பக்கம் பக்கமாக வாசித்துக் காட்ட, கம்ப்யூட்டர் மென்பொருள் மிச்சத்தைப் படித்துச் சொல்ல, காதாலேயே கேட்டுக் கேட்டுத் தேர்வை ஜெயித்தவர்!