விடுமுறையில் சேர்க்கும் கைவினைப் பொருள்கள்

விடுமுறையில் உறவினர் இல்லம் செல்லுங்கால் கைவேலைப் பாடத்திற்குரிய பொருள்களைச் சேர்த்துவருமாறு நாம் கூறுவதுண்டு. ரப்பர்க் காய் வெயிலில் வெடித்துச் சிதறும். ஒரு காயில் பெரும்பாலும் 3 கொட்டைகள் இருக்கும். அவை பச்சையாகத் தின்னத்தக்கன அல்ல.

சாகா மரம் என இங்கு வழங்கும் மஞ்சாடியின் விதை முழுச் சிவப்பு. ஏறத்தாழ 4 விதைகள் 1 கிராம் நிறுக்கும். பொற்கொல்லர் முன்னாளில் இதனை எடையாகக் கொண்டனர். மாலை கோக்க இதுவே ஏற்றது.

கொடியில் விளையும் குன்றிமணியோ சிவப்பில் கருங்கண் உடையது. அழகில் மயங்கி அதனைத் துளையிடலாகாது. மென்றால் உள்ளிருக்கும் நஞ்சு உயிரையும் பறிக்கக்கூடும். சிறு பிள்ளைகள் எதனையும் வாயிற் போடுவர். ஆகவே பெற்றோர் ஊர் திரும்பியதும் பிள்ளைகளின் பையை ஒருமுறை பார்த்துவிடுவாராக. குன்றிமணியை நீக்கியபின் மற்றவற்றை வெயிலில் உலர்த்திக் கொடுத்தனுப்புக. ஈரமானவை பூசணம் பிடிக்கும்.