கண் சிமிட்டும் லேப்டாப்பும் 60 ரூபாய் டேப்பும்

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்)



"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பழைய லேப்டாப் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது இந்தப் பழமொழி. என்னுடைய லேப்டாப், பத்து வயசு தாண்டிய செகண்ட் ஹாண்ட் சரக்கு. விலை 7,000 ரூபாய். ஐந்தாம் செமஸ்டர் முடியும் நேரத்தில் அதன் திரை மினுக்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒரு சிமிட்டல். அடுத்த வாரம் கோடு கோடாக வெள்ளை அலை. புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இருபதே நாள்தான் பாக்கி.

தாம்பரத்தில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேனல் போயிடுச்சு தம்பி. 4,500 ஆகும்" என்றார். அப்பா கேம்ப் ரோடு பக்கம் டிபன் தள்ளுவண்டி போடுகிறவர். பரீட்சைக் கட்டணமே அந்த வாரம்தான் கட்டியிருந்தோம். வீட்டில் வாயைத் திறக்கவே இல்லை.

நான் செய்த தப்பு

'சாஃப்ட்வேர் கோளாறாக இருக்கும்' என்று நானே முடிவு கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக விண்டோஸை ஃபார்மட் செய்தேன். காலையில் திரை அதேபோல மினுக்கியது. ஆனால் என் கூட்டாளி இரண்டு பேர் வரைந்து கொடுத்திருந்த சர்க்யூட் படங்களும், பாதி ரிப்போர்ட்டும் போயே போச்சு! ஒருவன் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. இன்னொருவன், "ஏன்டா, மீட்டர் வெச்சுப் பார்க்காம ஐ.சி.யை மாத்துவியா? அதைத்தானே பண்ணியிருக்க?" என்றான். சுரீர் என்றது. இரண்டு வருஷமாக லேபில் நாம் படிப்பது என்ன? சர்க்யூட்டைப் பாதி பாதியாகப் பிரி, எந்தப் பாதியில் கோளாறு என்று பார், அப்புறம் கை வை என்பதுதானே! அன்று மாலை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

எல்.சி.டி. பேனல் தானாக ஒளி தருவதில்லை. அது ஜன்னல் திரைச்சீலை மாதிரி, ஒளியைத் தடுக்கும் அல்லது விடும். ஒளி கொடுப்பது பின்னால் இருக்கும் பேக்லைட். ரொம்பப் பழைய லேப்டாப்பில் அது மெல்லிய டியூப்லைட். பிறகு வந்தவற்றில் எல்.இ.டி. வரிசை. மூன்றாவது ஆசாமி டிஸ்பிளே கேபிள். மதர்போர்டிலிருந்து கிளம்பி, மூடியின் கீல் வழியாக நுழைந்து, பேனலின் பின்புறம் போய்ச் சேரும். நாம் மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது முறுக்கப்படுகிறது.

ஐந்து சோதனைகள்: காசு செலவில்லை

1. லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் கோளாறு ஹார்டுவேரில். (இதை முதலில் செய்திருந்தால் என் ஃபைல்கள் பிழைத்திருக்கும்!)

2. பயாஸில் சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் மினுக்கினால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்பிளே டிரைவரைச் சந்தேகப்படுங்கள். அது மட்டும் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு புரோகிராம்தான் காரணம்.

3. டி.வி.யிலோ வேறு மானிட்டரிலோ இணைத்துப் பாருங்கள். வெளித்திரையில் படம் சுத்தமாக வந்தால், கிராஃபிக்ஸ் பகுதி பெரும்பாலும் நலம்.

4. திரை இருண்டு போனால், டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, ஒளிதான் இல்லை.

5. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மினுக்கல் கூடுவதும் குறைவதுமாக இருந்தால், கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என்னுடையது பயாஸிலும் மினுக்கியது. பக்கத்து வீட்டு டி.வி.யில் படம் பளிச்சென்று வந்தது. மூடியை ஒரு இடத்தில் நிறுத்தினால் திரை அடங்கியது. கொஞ்சம் சாய்த்தால் ஆட்டம் போட்டது. பேனல் கெட்டிருந்தால் கோணம் பார்த்தா கெடும்?

ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால்?

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. திரையில் 1366 x 768 புள்ளிகள். பெருக்கினால் 10 லட்சத்து 49 ஆயிரத்துச் சொச்சம். வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்க வேண்டும் என்றால், சுமார் 6 கோடியே 29 லட்சம் புள்ளிகள். வரிக்கு வரி விடும் இடைவெளியையும் சேர்த்தால் கிளாக் சுமார் 72 மெகா ஹெர்ட்ஸ். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 6 பிட் வீதம் 18. கட்டுப்பாட்டு பிட் 3. ஆக 21 பிட். இதை மூன்று ஜோடிக் கம்பிகள் ஆளுக்கு 7 ஆகப் பங்கு போட்டுக்கொண்டு போகின்றன. 72-ஐ 7-ஆல் பெருக்குங்கள்: ஒரு ஜோடியில் மட்டும் வினாடிக்கு 50 கோடி பிட்! அதுவும் ஒரு வோல்ட்டில் பாதிகூட இல்லாத, சுமார் 350 மில்லி வோல்ட் சிக்னலில். இந்த வேகத்தில் கனெக்டர் இம்மி நகர்ந்தாலும் பிட்டுகள் தவறும். அதைத்தான் நாம் கோடாகவும் அலையாகவும் பார்க்கிறோம்.

இது பழைய லேப்டாப்புக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதீர்கள். ஆப்பிள் 2016-ல் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் புரோவிலேயே மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி டிஸ்பிளே கேபிள் தேய்ந்து, பேக்லைட் கோளாறு வந்தது. 2018 மாடலில் கேபிள் 2 மி.மீ. நீளமானது. 2019 மே மாதம், பாதிக்கப்பட்ட மாடலுக்கு இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தையும் ஆப்பிள் அறிவித்தது. இரண்டே மில்லி மீட்டர்!

கை வைத்த கதை

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்தேன். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் நெம்பினேன். பேனலின் பின்பக்கம் பார்த்தால் சிரிப்பு வந்தது. கனெக்டரைப் பிடித்திருந்த டேப், சூட்டில் காய்ந்து உதிர்ந்து கிடந்தது. மூடி அசையும்போதெல்லாம் கேபிள் இழுத்து, கனெக்டர் ஒரு பக்கம் பாதி வெளியே!

கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, நேராக அழுத்தி மாட்டினேன். மேலே பொன்னிறத்தில் இருக்கும் காப்டன் டேப் ஒட்டினேன். சுருள் 60 ரூபாய். செல்லோ டேப் வேண்டாம். சூட்டில் பசை இளகி வழியும். கீல் பக்கம் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்ச்சி விட்டேன். ஆன் செய்தேன். திரை ஆடாமல் அசையாமல் நின்றது. தொலைந்த படங்களை மூவருமாக உட்கார்ந்து திரும்ப வரைந்தோம். ரிப்போர்ட் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது.

நான்கு மாதம் ஓடியது. பிறகு லேசாக மறுபடி சிமிட்டல். இந்த முறை கேபிளே கீலில் நைந்திருந்தது. எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். "அண்ணே, டிஸ்பிளே கேபிள்" என்றதும் கடைக்காரர் சொன்னார்: "லேப்டாப் மாடல் நம்பர் சொல்லு தம்பி. பேனல் பல மாடலுக்குப் பொருந்தும். கேபிள் மாடலுக்கு மாடல் மாறும்." 450 ரூபாயில் முடிந்தது.

கேபிள் வாங்கவும் காசில்லையா? மினுக்காத கோணத்தில் மூடியை நிறுத்தி, அசைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸைக் குறைக்க வழி இருந்தால் குறைத்துப் பாருங்கள். 40 ஆனால் பிட் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும், சில சமயம் அதுவே போதும். இல்லையென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மானிட்டர் தேடலாம். ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்!

எச்சரிக்கை

பேட்டரி இணைப்பில் இருக்கும்போது கனெக்டரைக் கழற்றாதீர்கள். பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். பழைய டியூப் வகையில் இன்வெர்ட்டரிலிருந்து பல நூறு வோல்ட் வரும், கிட்டே போக வேண்டாம். உப்பிய பேட்டரியை நெம்பவே கூடாது.

கடைசியாக ஒன்று. 4,500 கேட்ட கடைக்காரரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். யோசித்துப் பாருங்கள். பேனல் மாற்றும்போது அவர் கேபிளையும் கழற்றி மாட்டுவார். மினுக்கல் நின்றுவிடும். 'பேனல்தான் போயிருந்தது' என்று அவரும் நம்புவார், நாமும் நம்புவோம். கோளாறு தீர்ந்ததாலேயே காரணம் தெரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது 60 ரூபாய் டேப். அதற்கு நான் கொடுத்த உண்மையான விலை, நண்பர்கள் இருவர் ராக்கண் விழித்து வரைந்த படங்கள். நீங்கள் அந்த விலையைக் கொடுக்காதீர்கள். எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்!