சிட்டை இடது கைப் பக்கம்

சித்தூர் வெல்ல மண்டி ஒன்றில் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதினார். மூட்டைகளுக்கும் கல்லாவுக்கும் நடுவே அவருக்கென்று ஒரு பாய், எதிரே சரிந்த மூடி போட்ட கணக்குப் பெட்டி. பெட்டிக்கு இடது பக்கம் சிட்டை விரிந்திருக்கும். அன்றைக்கு வந்த வெல்லம், போன வெல்லம், தூக்குக்கூலி எல்லாம் அதில் அவசர எழுத்தில் ஏறியிருக்கும். வலது பக்கம் பேரேடு. எடை போடுகிறவர் சிட்டையைத் தெலுங்கில் எழுதுவார், அப்பா பேரேட்டைத் தமிழில் எழுதுவார். 1953-ல் சித்தூர் ஆந்திரத்தோடு போனது. 1960-ல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எங்கள் மண்டி இரண்டு எழுத்தையும் வைத்துக்கொண்டு தன்பாட்டில் நடந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அந்தப் பாயின் ஓரத்தில் உட்காருவேன். அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரல் சிட்டையின் வரிமேல் இருக்கும், வலது கை பேரேட்டில் எழுதும். கண் மட்டும் போய்ப்போய் வரும். எந்தத் தொகையையும் அவர் மனசில் சுமந்ததில்லை. "மனசில வைக்காதடா, விரல்ல வை" என்பார். வருடக் கடைசியில் பற்றும் வரவும் ஒட்டாமல் போனால், வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 6,480 என்பதை 6,840 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 360, அதாவது ஒன்பது நாற்பது. அவர் எழுதிய பேரேட்டில் அப்படி ஒரு தவறு கிடைப்பது அபூர்வம். அந்தத் திறமையில் பாதி அவருடையது, மறுபாதி அந்தப் பாயின் அகலத்துடையது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு புத்தகமும் ஒரே நேரத்தில் கண்முன் இருந்தன.

நான் 1994-ல் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். பதினாலு அங்குலத் திரை, கறுப்புப் பின்னணியில் டேலி கணக்கு மென்பொருள். கூட்டல் பிழை என்ற ஒன்றே ஒழிந்தது. அது பெரிய விடுதலைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அகலம் போய்விட்டது. சிட்டையைப் பார்த்தால் பேரேடு மறையும், பேரேட்டைத் திறந்தால் சிட்டை மறையும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி காகிதம். கொள்முதல் பதிவேடு முழுவதையும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் ஓடவிட்டு, ஓரத்தில் துளை போட்ட அந்த நீளத் தாளை மேசைமேல் பரப்பி, சிவப்புப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே திரையைப் பார்ப்போம். எங்கள் இரண்டாவது திரை அந்தத் தாள்தான்.

லேப்டாப் வந்ததும் தாளும் போயிற்று. வேலை எங்கும் கூடவே வந்தது, மேசை மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குச் சுருங்கியது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதுதான் அதன் வலி தெரிந்தது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்காரர்கள். ஜூன், ஜூலையில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில்தான் டிரம், தகர டப்பா, அட்டைப்பெட்டி என்று நூற்றுக்கணக்கில் பில் வரும். விற்றவர் தன் பில்லை அரசுத் தளத்தில் ஏற்றினாரா என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்க வேண்டும். விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி என்ற அறிக்கை 2020-ல் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து அதில் ஏறாத பில்லுக்கு வரிக் கழிவு கிடையாது. மாதம் 14-ம் தேதி 2பி வரும், 20-ம் தேதிக்குள் 3பி என்ற ரிட்டர்ன் போட வேண்டும். நடுவில் ஆறு நாள்.

விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணில் பதினைந்து எழுத்து. ஆந்திரத்துக்காரர் என்றால் 37, தமிழ்நாட்டுக்காரர் என்றால் 33 என்று தொடங்கும். பில்லில் அதைப் படித்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஆல்ட்-டேப் அழுத்தி டேலிக்குப் போவேன். மறுபடி அழுத்தி 2பிக்குப் போவேன். போகிற வழியில் யாராவது கூப்பிட்டால் எண் மறந்துவிடும். எதை மனசில் வைக்காதே என்று அப்பா சொன்னாரோ அதை நாள் முழுக்க மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை 360 ரூபாய் வித்தியாசம் வந்தது. ஒன்பதால் வகுத்தேன்.

திருப்பதியில் இருக்கும் என் அக்கா மகன்தான் டாக்கைப் பற்றி முதலில் சொன்னவன். 2020-ல் அலுவலகம் மூடியபோது பெங்களூரிலிருந்து பைராகிப்பட்டெடாவிலிருக்கும் வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் இரண்டு மானிட்டர் வைத்து வேலை பார்த்தான். லேப்டாப்பில் ஒரே ஒரு ஒயர். திரை, கீபோர்டு, நெட், சார்ஜ் எல்லாம் அந்த ஒரே ஒயர் வழியாக ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வந்தன. அந்தப் பெட்டிதான் டாக்.

இந்த எண்ணம் பழையது. 1992-ல் ஆப்பிள் விற்ற டுவோ டாக்கில், வீடியோ கேசட்டைச் செருகுவது போல மடிக்கணினியையே உள்ளே தள்ள வேண்டும். பின்னால் வந்த டாக்குகளும் பெரும்பாலும் அந்தந்த மாடல் வரிசைக்கு மட்டுமே பொருந்தின. மெஷினை மாற்றினால் டாக்கும் பரணுக்குப் போகும். 2014-ல் டைப்-சி என்ற பொதுவான வாய் வந்த பிறகுதான் என்னைப் போன்ற தனியாள் அலுவலகத்துக்கும் இது எட்டியது.

டாக் வாங்கிய முதல் நாள் இரண்டு மானிட்டரும் கறுப்பாகவே நின்றன. லேப்டாப்பில் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு அக்கா மகனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, டாக்கோடு வந்த ஒயரையா போட்டிருக்கீங்க?"

இல்லை. அது நீளம் போதாது என்று போன் சார்ஜர் ஒயரைப் போட்டிருந்தேன். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் சார்ஜர் ஒயர்களில் பெரும்பாலானவற்றுக்குள் படத்தைக் கொண்டுபோகும் வேகக் கம்பிகளே கிடையாது. லேப்டாப்பின் வாயையும் பார்க்கச் சொன்னான். பக்கத்தில் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டின் குறியோ இருந்தால் அது பெரும்பாலும் படம் தரும். சில டைப்-சி வாய் தரவுக்கும் சார்ஜுக்கும் மட்டுமே. அப்படிப்பட்ட மெஷின் என்றால் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் வாங்கி, அதற்கான மென்பொருளையும் ஏற்ற வேண்டும்.

ஒயரை மாற்றியதும் இரண்டு திரையிலும் வெளிச்சம் வந்தது, ஆனால் இரண்டிலும் ஒரே படம். விண்டோஸ் பொத்தானோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும்தான் மேசை விரிந்தது.

திரை வாங்கும்போது கடைக்காரர் 4கே எடுங்கள் என்று வற்புறுத்தினார். அக்கா மகன் தடுத்துவிட்டான், அவன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. டைப்-சி ஒயருக்குள் வேகப் பாதைகள் நான்கு. பல டாக்குகள் அவற்றில் இரண்டைப் படத்துக்கும் இரண்டை மற்றத் தரவுக்கும் ஒதுக்குகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு பாதையில் விநாடிக்கு 8.64 கிகாபிட்தான் போகும். ஒரு 4கே திரையை விநாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டும். ஆகவே அது முப்பதுக்கு இறங்கிவிடும், மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும். சாதாரண ஃபுல் எச்டி திரை இரண்டு என்றால் அதே பாதையில் தாராளமாகப் போகும். எண்களைப் பார்க்கிற வேலைக்கு இருபத்துநாலு அங்குலத்தில் அவை இரண்டு போதும் என்றே நானும் சொல்வேன்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், டாக்கும் மானிட்டரும் நிற்காது. எங்கள் பக்கம் ஜூன் மாதக் காற்று மழையில் கரண்ட் போவது நிச்சயம். டாக்கையும் மானிட்டரையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

திரை செய்கிற தொழிலும் எங்கள் பக்கம் வந்தது. 2018 டிசம்பரில் திருப்பதிக்குப் பக்கத்தில் விக்ருதமாலாவில் டிசிஎல் நிறுவனத்தின் திரைத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் சமயத்தை ஒட்டி டிக்சன் நிறுவனம் ஷாவ்மிக்காகத் திருப்பதியில் டிவி செய்யத் தொடங்கியது. 2022-ல் திருப்பதி எங்கள் மாவட்டத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. வெல்லமும் கூழும் எங்களோடு இருக்க, திரை செய்கிற ஊர்கள் அந்தப் பக்கம் போயின. தெரிந்த பிள்ளைகள் இங்கிருந்து அங்கே ஷிப்டுக்குப் போகிறார்கள். ஏரும் கரும்பும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் திரைமேல் தூசி படாமல் கையாளப் பழகியிருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்துநாலு. போன மாதம் 15-ம் தேதி காலை என் அறைக்கு வந்தார். லேப்டாப் திரையில் பில், நடுவில் டேலி, வலது ஓரத்தில் 2பி. பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இதுல சிட்டை எது?"

"இந்த 2பிதான்னு வச்சுக்குங்கப்பா. ஊரான் எழுதுன சிட்டை."

"பேரேடு?"

நடுத்திரையைக் காட்டினேன்.

"அப்போ ஏன் சிட்டை சோத்துக் கைப் பக்கம் இருக்கு? எழுதற கைக்குக் குறுக்க வருமில்ல? இடது கைப் பக்கம் வைடா."

டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தேன். 1, 2, 3 என்று மூன்று பெட்டி தெரிந்தது. எழுந்து, 2பி இருந்த மானிட்டரைத் தூக்கி இடது பக்கம் வைத்தேன். லேப்டாப்பை வலது பக்கம் நகர்த்தினேன். செட்டிங்கிலும் மூன்றாம் பெட்டியைப் பிடித்து இழுத்து இரண்டுக்கு இடப்பக்கம் ஒட்டி, ஒன்றாம் பெட்டியை வலப்பக்கம் தள்ளினேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கை ஆள்காட்டி விரலை 2பியின் முதல் வரிமேல் வைத்தார்.

"ம்ம், படி" என்றார்.