பாணர் குலத்துச் சித்திரக்காரர்

கோண்டு உழவர் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவர் உடுத்திய துணியும் அணிந்த நகையும் பர்தான்களுக்குச் சேர்வது பழைய வழக்கம். நர்மதை நதியின் மேற்பகுதியில் கோண்டுகளை அண்டி வாழ்ந்த பாணர் குலத்தாரே இப்பர்தான்கள். 'பானா' என்னும் நரம்பு வாத்தியத்தை வில்லால் இசைத்து, கோண்டுகளின் குலவரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாடுவது இவர்கள் தொழில். இறந்தவரின் ஆவியைப் 'படா தேவ்' என்னும் பெருந்தெய்வத்தோடு சேர்த்து வைக்கும் சடங்கு கோண்டுகளிடம் உண்டு. நாம் கருமருது என்று வழங்கும் ஸாஜா மரமே அத்தெய்வத்தின் இருப்பிடம். பானா ஒலித்தால் தெய்வம் விழித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

கோண்டுகள் வறுமையுற்றபோது பாட்டுக்குக் கொடுப்பாரில்லை. பர்தான்கள் பலர் மண் வெட்டவும் வயல் வேலைக்கும் போயினர். அந்நிலையில் வளர்ந்தவர் ஜங்கர் சிங் சியாம். மத்தியப் பிரதேசத்துப் பாடன்கட் கிராமத்தில் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டு மாடு மேய்த்தவர். போபாலில் அமையவிருந்த பாரத் பவன் கலைக்கூடத்துக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினர், 1981-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சுவரொன்றில் இவ்விளைஞர் தீட்டிய சித்திரத்தைக் கண்டனர். அவரைப் போபாலுக்கு அழைத்துச் சென்றனர்.

அதுவரை பாட்டில் மட்டுமே உலவிய தெய்வங்கள் அவர் கையால் தாளில் உருப்பெற்றன. ஊர்க்காவல் தெய்வமான தாக்குர் தேவையும் அவர் வரைந்தார். பின்னணி ஏதுமற்ற வெற்றுத் தாளில் ஓர் உருவம். அதன் உடல் முழுதும் வரிசை வரிசையாகப் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும். ஊடை இழையை ஒவ்வொன்றாகத் தட்டி நெய்பவருக்கு அப்பொறுமையின் அருமை தெரியும். மானின் கொம்பு கிளைத்து மரமாகிறது. மரத்தில் பறவை அமர்கிறது. மண்டையோட்டையோ சிதையையோ தேடிக்கொண்டு இச்சித்திரங்களிடம் செல்பவர் ஏமாறுவர். இறந்தோர் தெய்வத்தோடு கலந்துவிட்டனர்; தெய்வமோ மரத்தில் இருக்கிறது. ஆகவே அவர் வரைந்த மரம் வெறும் மரமன்று, முன்னோர் குடியிருக்கும் வீடு என்றே நான் கொள்கிறேன்.

1989-இல் பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சியில் அவருடைய சித்திரங்கள் இடம்பெற்றன. போபாலின் சட்டமன்றக் கட்டடத்துச் சுவர்களிலும் அவர் தீட்டினார். 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜப்பானில் ஒரு காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது நாற்பதை ஒட்டியிருந்தது. அவருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் நம் நாட்டுக் கலைஞர்கள் கேள்வி எழுப்பினர். சங்கக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுவே. மொழி தெரியாத ஊரில், தனியொருவராக, தம் கைத்திறனைத் தாமே விலைபேசி நின்றார் அவர். அவர் பக்கத்தில் நின்று கணக்குக் கேட்க ஒரு சங்கம் இல்லை. ஊரெல்லாம் இழவுக்குப் பாடிய குலத்தில் பிறந்தவர், பாட ஆளில்லாத இடத்தில் மடிந்தார்.

அவர் போபாலுக்கு அழைத்துவந்து பழக்கிய உறவினர் பலர் இன்று வரைகின்றனர். அவர்களுள் ஒருவரான பஜ்ஜு சியாமும் வேறிரு கோண்டுக் கலைஞர்களும் வரைந்த மரங்களின் நூலொன்றைச் சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ், திரையச்சு முறையில் கையாலேயே அச்சிட்டு 2006-இல் வெளியிட்டது. அதன் கறுப்புத் தாளில் மரங்கள் இரவில் ஒளிர்கின்றன.

ஜங்கர் முன்பொருமுறை ஜப்பானில் இருந்தபோது, ஊரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த நினைவாகக் குழந்தைக்கு ஜபானி என்று பெயரிட்டனர். அவரும் இன்று ஓவியரே. கறுப்பும் வெள்ளையுமாகவே பெரும்பாலும் வரைகிறார்.