முதல் அநுபவமும் ஆங்கில வினைக்காலமும்

ஆங்கிலத்தைப் பிழையற எழுதப் பயின்றோரும் இடறும் இடங்கள் சில உள. முதன்முறையாக ஒன்றைக் கண்டதை அல்லது செய்ததைக் கூறுங்கால் வினைச்சொல்லை எக்காலத்தில் நிறுத்துவது என்பது அவற்றுள் ஒன்று.

குளிர்நாட்டுக்குச் சென்ற நம்மவர் ஒருவர், “இப்பொழுதுதான் முதன்முறையாகப் பனிமழையைப் பார்க்கிறேன்” என்பார். பார்த்தல் கண்முன் நிகழ்வதால் தமிழில் நிகழ்காலம் பொருத்தமே. இதனை அவ்வாறே பெயர்த்து, ‘திஸ் இஸ் த பேர்ஸ்ற் ரைம் ஐ ஆம் சீயிங் ஸ்னோ’ என எழுதுவோர் பலர். திருத்தமான எழுத்துவழக்கு வேண்டுவதோ, ‘திஸ் இஸ் த பேர்ஸ்ற் ரைம் ஐ ஹாவ் சீன் ஸ்னோ’ என்பதாம். இன்னும் கண்டுகொண்டிருக்கும் ஒன்றைக் கண்டு முடித்ததுபோலக் கூறுவது ஏன்?

விடை இதுவாகும். தமிழ் ஈண்டுச் செயலை நோக்குகின்றது. ஆங்கிலம் எண்ணிக்கையை நோக்குகின்றது. ‘முதல்’ என்பது எண் குறித்த சொல். எண்ணுவோன் பிறந்த நாள் தொட்டு இந்நொடிவரையுள்ள வாழ்நாளைத் திரும்பிப் பார்க்கின்றான். பனிமழையைக் கண்டது எத்தனை முறை எனக் கணக்கிடுகின்றான். ஒன்று என விடை காண்கின்றான். சென்ற காலத்தில் தொடங்கி இந்நொடியில் வந்து முடியும் பரப்பைக் குறிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள வடிவம் ‘பிரசென்ற் பேர்பெக்ற்’ என்பது. அதனை நிறைவு நிகழ்காலம் என்போம். இரண்டாம் முறை, பத்தாம் முறை என்னும் இடங்களிலும் இவ்வடிவமே வருதல் இக்காரணம் பற்றியே.

இவ்வடிவம் தமிழர்க்குப் புதிதன்று. “பனிமழையை ஒருமுறை பார்த்திருக்கிறேன்” என்னும்போது நாமும் இதுவரையுள்ள வாழ்வையே எண்ணுகின்றோம். ‘முதன்முறை’ என்றவுடன் மட்டும் கண்முன் நிகழ்வதற்குத் தாவிவிடுகின்றோம். இது தமிழின் குறையுமன்று. பிரெஞ்சு மொழியும் ஜெர்மன் மொழியும் இவ்விடத்தில் நிகழ்காலத்தையே ஆளுகின்றன. தன் அயல்மொழிகளினின்று விலகி நிற்பது ஆங்கிலமே.

இனி, இவ்விதி காலத்தோடு நகருமாற்றை ஓர் உதாரணத்தாற் காண்போம். 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஒக்ஸ்போட் நகரின் இவ்லி வீதி ஓட்டத்திடலில், ரொஜர் பானிஸ்ரர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடப்பட்டது அதுவே முதன்முறை.

அன்று திடலில் நின்ற ஒருவர் கூறத்தக்கது: ‘திஸ் இஸ் த பேர்ஸ்ற் ரைம் எனிவண் ஹாஸ் டண் இற்.’ எண்ணிக்கை முடியும் இடம் அந்நொடி. இன்று நாம் அதனை நினைந்து கூறத்தக்கது: ‘இற் வோஸ் த பேர்ஸ்ற் ரைம் எனிவண் ஹாட் டண் இற்.’ எண்ணிக்கை முடியும் இடம் 1954ஆம் ஆண்டு. ஆதலின் ‘இஸ்’ என்பது ‘வோஸ்’ ஆக, ‘ஹாஸ்’ என்பதும் உடன் பின்சென்று ‘ஹாட்’ ஆயிற்று. ஓட்டத்துக்கு முன்னாள் ஒருவர் எதிர்நோக்கிக் கூறின்: ‘இற் வில் பீ த பேர்ஸ்ற் ரைம் எனிவண் ஹாஸ் டண் இற்.’ எதிர்காலத்திலும் ‘ஹாஸ்’ மாறாது நிற்றலைக் கவனிக்க.

அவ்வாண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் கனடாவின் வன்கூவர் நகரில் பானிஸ்ரரும் ஜோன் லாண்டியும் ஒரே பந்தயத்தில் நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். தனித்தனியே அவ்விருவரும் அதனை முன்னரே செய்திருந்தனர். ஒரே பந்தயத்தில் இருவர் செய்தது அதுவே முதன்முறை. ஆகவே ஆண்டும் ‘ஹாட் டண்’ என்பதே பொருந்தும்.

மற்றொன்றும் அறிதற்பாலது. எண்ணிக்கையை விடுத்து நிகழ்ந்த நாளை மட்டும் சுட்டின் தனி இறந்தகாலமே போதும்: ‘பானிஸ்ரர் பேர்ஸ்ற் டிட் இற் இன் 1954.’ ‘ஹாஸ் டண்’ என்பதோடு 1954 என்னும் ஆண்டைச் சேர்த்தல் வழு. அவ்வாறே, ‘த பேர்ஸ்ற் ரைம் ஐ சோ ஹிம், ஹி வோஸ் இல்’ என்னும் வாக்கியத்தில் முதற்பகுதி ‘நான் அவரை முதலிற் கண்டபோது’ எனப் பொழுதையே உணர்த்துகின்றது. ஆண்டும் தனி இறந்தகாலமே உரியது.

இவையெல்லாம் தேர்வுத்தாளில் ஒரு புள்ளிக்கான நுணுக்கமெனத் தள்ளற்க. நெஞ்சுநோவுடன் ஆங்கில வைத்தியர்முன் அமர்ந்திருப்பவர், ‘திஸ் இஸ் த பேர்ஸ்ற் ரைம் ஐ ஹாவ் ஹாட் திஸ் பெயின்’ என்றால், நோவு இப்பொழுது உண்டு, முன்னர் இல்லை என்பது தெளிவு. ‘இஸ்’ இருந்த இடத்தில் ‘வோஸ்’ வந்துவிடின், முன்னொருநாள் வந்து போன நோவைக் கூறுகின்றார் என வைத்தியர் கருத இடமுண்டு. நீதிமன்றிற் சாட்சி கூறுவோர், ‘ஐ ஹாவ் சீன் ஹிம் ஒன்லி வன்ஸ்’ என்றால், இற்றைவரை ஒருமுறையே கண்டதாகப் பொருள். ‘ஹாவ்’ என்பது ‘ஹாட்’ ஆயின், குறித்த அந்நாள்வரை ஒருமுறை. அதன்பின் எத்தனை முறையோ! ஓர் எழுத்தின் மாற்றத்தில் ஒருவரது சாட்சியமே மாறிவிடுகின்றது.

பேச்சு வழக்கில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இவ்விதியைச் சிலபோது நெகிழ்ப்பர். எழுத்தில் அதனைப் பேணுதலே நன்று. அதற்குக் கைக்கொள்ளத்தக்க வழி எளிது. எழுதுமுன், “என் எண்ணிக்கை எங்கே முடிகின்றது?” எனத் தம்மைத் தாமே வினவுக. இன்றெனின் ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’, அன்றெனின் ‘ஹாட்’, எண்ணாது நாளை மட்டும் சுட்டின் தனி இறந்தகாலம். இவ்வொரு வினாவைக் கேட்கப் பழகிய மாணாக்கன் இவ்விடத்தில் இடறான்.