மண்ணைச் சூடாக்கினா விஷம் போயிடுமா? கொடைக்கானல் பாதரச விவகாரம் சொல்வது என்ன?

தெர்மாமீட்டர் உடைஞ்சா தரையில வெள்ளி முத்து மாதிரி உருண்டு ஓடுமே, அதுதான் பாதரசம். அது டன் கணக்கில் மண்ணோடு கலந்தா எப்படி பிரிச்சு எடுப்பது?

என்ன நடந்தது?

1980களில் அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்கு இடம் மாறியது ஒரு தெர்மாமீட்டர் ஆலை. பின்னர் இந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், ஊரில் உள்ள பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் படிந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு இருப்பது அம்பலமானது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலை வளாகத்து மண்ணில் கலந்த பாதரசம் அங்கேயே தங்கிவிட்டது. வளாகத்தை ஒட்டியே பாம்பார் சோலைக் காடு.

வெப்பத்தால் எப்படி சுத்தமாகும்?

இங்கே திட்டமிடப்பட்ட முறைக்கு 2 கட்டங்கள்:

* முதலில் மண்ணைத் தோண்டி, தண்ணீரில் அலசி, சலிப்பார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்துகள்களில்தான் ஒட்டியிருக்கும். கல், மணல் தனியாகிவிடும்.
* மிச்சமுள்ள நுண்மண்ணை மூடிய உலையில் சூடாக்குவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆவியைக் குளிர்வித்தால் மறுபடியும் திரவமாகிவிடும். அதைச் சேகரிக்கலாம்.

கவனிங்க, வெப்பம் பாதரசத்தை அழிப்பதில்லை. மண்ணிலிருந்து வெளியே எடுக்குது, அவ்வளவுதான். ஆவி கசிந்தால் காற்று கெடும்.

எல்லா உலோகத்துக்கும் இது சரிவருமா?

வராது. ஈயம் கொதிக்க சுமார் 1,750 டிகிரி வேண்டும். குரோமியத்துக்கு 2,600 டிகிரிக்கும் மேல். ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவுக்கு இந்த வழி உதவாது. காற்றோடு சேர்த்துச் சூடாக்கினால், ஆபத்து குறைந்த குரோமியம்கூட அதிக நச்சுள்ள வகையாக மாறக்கூடும்.

அப்புறம் என்ன சர்ச்சை?

எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்பதுதான். கொடைக்கானலுக்கு வைக்கப்பட்ட வரம்பு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம். காட்டுக்குப் பக்கத்தில் இது போதாது, இன்னும் கடுமையாக்க வேண்டும் என்கிறார்கள் சூழலியல் ஆர்வலர்கள். அதைவிடக் குறைக்கப் போனால் அதிக மண்ணைத் தோண்டணும், மரங்களை வெட்டணும், சரிவில் மண் அரிக்கும் என்பது எதிர்த்தரப்பு வாதம். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

மலையில் நடந்ததுதானே என்று சென்னைவாசிகள் விட்டுவிட முடியாது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளிலும் பழைய தெர்மாமீட்டர், டியூப்லைட், சிஎஃப்எல் பல்புகளில் பாதரசம் உண்டு.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால்?

* ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்புங்க.
* துடைப்பம், வேக்குவம் கிளீனர் வேண்டாம். முத்துக்கள் சிதறும், ஆவி பரவும்.
* கையுறை போட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்க.
* சிங்க்கில் கொட்டாதீங்க. அபாயக் குப்பை என்று சொல்லித் தனியாகக் கொடுங்க.

ஒரு துளியை வீட்டிலேயே பிடித்துவிடலாம். மண்ணுக்குள் போயிட்டா, எடுக்க உலை வேணும், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேணும்.